அம்பா, மனிதனா?

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" பாட்டி சொன்ன பழமொழி, பள்ளியிலே நாமும் சொல்லித் தரும் பழமொழி. சில நாட்களுக்கு முன்பு வரையில் நானும் அதனைத் தயக்கமின்றிக் கரும்பலகையில் எழுதி வந்தேன். இன்று எழுதக் கை கூசுகிறது. காரணம், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுப்பிய கேள்வி.

அன்று பாடம் முதல் உலகப் போர். சென்னைத் துறைமுகத்தின்மீது ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு பொழிந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஏட்டிலே காணும் ஊரன்று. அவர்தம் தந்தையர் மூட்டை சுமக்கும் இடம், லாரி ஓட்டும் இடம், விடியலில் சென்று இருட்டில் திரும்பும் இடம். ஆகவே ஆவலோடு கேட்டனர். முடித்ததும் முன்வரிசைப் பையன் எழுந்தான்.

"சார், அன்னிக்குச் செத்தவங்களுக்கு யார் சார் பொறுப்பு?"

நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து பதில் பாய்ந்து வந்தது: "மேலே இருந்து சுடச் சொன்னாங்க, இவங்க சுட்டாங்க. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சார்தானேடா சொல்லிக்கொடுத்தாரு!"

வகுப்பு சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை; நானும் சிரிக்கவில்லை. கேட்டவனுடைய அண்ணன், காவலர் தேர்வுக்காக நாள்தோறும் விடியற்காலையில் எண்ணூர்க் கடற்கரைச் சாலையிலே ஓடிப் பழகுகிறவன். நாளை அவன் கையிலே தடி வரும், துப்பாக்கியும் வரும். தம்பி கேட்டது 1914 பற்றிய கேள்வியன்று, தோழர்களே! தன் வீட்டைப் பற்றிய கேள்வி. அதற்குரிய விடையை அன்று நான் சொல்லவில்லை. இங்கே சொல்ல முயல்கிறேன்.

நடந்தது என்ன? 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பது மணி கடந்த நேரம். விளக்குகளை அணைத்துக்கொண்டு கரையை நெருங்கியது எம்டன். துறைமுகத்தையொட்டி நின்ற பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து, ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. தொட்டிகள் பற்றியெரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் அடிபட்டது. குறைந்தது ஐவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அரைமணி நேரத்துக்குள் கப்பல் இருளிலே மறைந்துவிட்டது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு ஓடினர். உயர்நீதிமன்ற வளாகத்து மதிலிலே அதன் நினைவாக ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது.

கல் மட்டுமா நின்றது? சொல்லும் நின்றது. சூரன், சூழ்ச்சிக்காரன், எவருக்கும் அஞ்சாதவன் என்றால், "அவன் சரியான எம்டன்!" என்று கூறும் வழக்கம் தமிழிலே ஏற்பட்டது. சுட்டவனின் கப்பல் பெயர் நம் நாவிலே நூறாண்டுகளைக் கடந்து வாழ்கிறது. அன்றிரவு மாண்டவர்களின் பெயரோ எந்த வீட்டுத் திண்ணையிலும் பேசப்படுவதில்லை. இது போதாதென்று, வெள்ளையனை எதிர்த்த வீரர் செண்பகராமன் அந்தக் கப்பலிலே வந்தார் என்றொரு கதையும் கட்டினோம். அவர் பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் என்பது மெய். எம்டனிலே வந்தார் என்பதற்கோ ஏற்கத்தக்க சான்று கிடையாது. சான்று கேட்பது நமது பழக்கமல்லவா? புராணத்திடம் கேட்கும் சான்றைப் போர்க்கதையிடமும் கேட்கவேண்டும். வீரத்தைக் கண்டால் கைகூப்பும் குணம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றி இருக்கிறது என்பதற்கே இதனைச் சொன்னேன்.

எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லர், போரிலும் பண்பு காத்தவர் என்று எதிரிகளே பாராட்டினர். பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் கரை சேர்த்தார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பண்போடு வீசப்பட்ட குண்டு, பட்டவன் உடலைப் பூவாகவா தொட்டது? கடலுக்கு அப்பாலிருந்த ஒரு பேரரசன் இன்னொரு பேரரசனோடு பூண்ட பகைக்கு, இருவரையும் கண்டறியாத ஏழைகள் இந்தக் கரையிலே ஏன் சாகவேண்டும்? இந்தக் கேள்வி அந்தக் கப்பலிலே இருந்த எவருடைய உள்ளத்திலாவது எழுந்ததா?

ஒருவருடைய உள்ளத்தில் எழுந்தது. உடனே அன்று; பல ஆண்டுகள் கழித்து.

அவர் முல்லருக்கு அடுத்த நிலையிலிருந்த அதிகாரி, ஹெல்முத் வான் மூக்கே. 1914 நவம்பர் 9ஆம் நாள், கொகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தைத் தகர்க்க ஏறத்தாழ 50 பேருடன் கரையிறங்கினார். அந்நேரம் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை நொறுக்கிற்று. கரையிலே விடப்பட்ட மூக்கே கலங்கவில்லை. 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றினார், சுமத்திராவரை சென்றார், அங்கிருந்து வேறொரு கப்பலேறி அரபு நாட்டை அடைந்தார், பாலைவனத்தைக் கடந்தார், 1915 மே மாதத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரை எட்டினார். நாடே கொண்டாடியது. அவர் எழுதிய நூல்கள் பரபரப்பாக விற்றன. நம் ஊரார் பொருளிலே சொன்னால், அவரன்றோ எம்டன்!

போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. தோல்வியின் கசப்பிலே மூக்கே, இட்லரின் கட்சியிலே சேர்ந்தார். 1926இல் அக்கட்சியின் சார்பில் சாக்சனி மாநில மன்றத்திலும் அமர்ந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் நாமும் புராணம் எழுதியவராவோம். ஆனால் உள்ளே இருந்து பார்த்தவர், பார்த்ததைப் பற்றிச் சிந்தித்தார். 1929இல் அக்கட்சியைவிட்டு வெளியேறினார். அதனை எதிர்த்து எழுதினார், பேசினார். போரையே வெறுப்பவராக மாறினார். இட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் எழுத்துக்குத் தடை வந்தது, காவலும் வந்தது. போர் வீரன் என்று போற்றிய நாடே அவரைச் சிறையில் அடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் ஓயவில்லை அவர். மேற்கு ஜெர்மனி மீண்டும் படை திரட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். 1957இல் மறைந்தார்.

பாலைவனத்தைக் கடந்தபோது அவருக்குப் பக்கத்திலே தோழர்கள் இருந்தனர், பின்னாலே பேரரசு இருந்தது, முன்னாலே புகழ் இருந்தது. கட்சியைவிட்டு வெளியேறியபோதோ, அவருக்கு முன்னால் இருந்தது சிறை. எது பெரிய வீரம்? மாலை காத்திருக்கும் திசையிலே நடப்பதா, விலங்கு காத்திருக்கும் திசையிலே நடப்பதா?

இனி, இந்த வாழ்வுக்கு எதிரிலே இன்னொரு ஜெர்மானியரின் வாழ்வை வைத்துப் பார்ப்போம். டீட்ரிஷ் வான் கோல்டிட்ஸ். 1894இல் பிறந்தவர்; இராணுவக் குடும்பம். 1914இல், எம்டன் கடலிலே வேட்டையாடிய அதே ஆண்டில், சாக்சனியக் காலாட்படையிலே சேர்ந்து மேற்கு முனையிலே போரிட்டார். போர் முடிந்த பின்னும் படையிலேயே நிலைத்தார். 1940இல் டச்சு நாட்டின் ராட்டர்டாம் நகரைப் பிடிக்கும் போரிலே பதக்கம் பெற்றார். 1942இல் செவஸ்தபோல் முற்றுகையிலே தலைமை தாங்கிப் போரிட்டார். 1944 ஆகஸ்டில் காலாட்படைத் தளபதி என்ற உயர்பதவி பெற்று, பாரிஸ் நகரின் இராணுவ ஆளுநர் ஆனார்.

அந்த ஆகஸ்டிலே, பாரிஸ் பகைவர் கையில் விழுவதானால் சாம்பல்மேடாக விழட்டும் என்று இட்லர் ஆணையிட்டான். கோல்டிட்ஸ் நகரை அழிக்கவில்லை. 25ஆம் நாள் சரணடைந்தார். நகரை அழிக்க அவரிடம் போதிய படையும் வெடியும் இருந்தனவா, நேரம்தான் இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுவர். அவரோ, பைத்தியக்காரனின் ஆணையை மீறிப் பாரிசைக் காத்தவன் நானே என்று நினைவுநூல் எழுதினார். 1966இல் அவர் இறந்தபோது பிரெஞ்சு அதிகாரிகளும் இறுதிச் சடங்குக்கு வந்தனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், மூக்கேயின் பக்கத்திலேயே அவரையும் நிறுத்தி வணங்கியிருக்கலாம். முடியவில்லை. சரணடைந்த தளபதிகளை இலண்டனுக்கு வடக்கே டிரெண்ட் பார்க் என்ற மாளிகையிலே ஆங்கிலேயர் வைத்திருந்தனர். சுவரிலே ஒலிவாங்கிகளை மறைத்து, அவர்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்தனர். அந்தப் பதிவுகளிலே, 1944 ஆகஸ்டு இறுதியிலே கோல்டிட்ஸ் பேசிய பேச்சும் இருக்கிறது. தான் செய்தவற்றுள் மிகக் கொடிய வேலை யூதரை ஒழித்துக்கட்டியதே என்றும், அந்த ஆணையை எள்ளளவும் பிசகாமல் முற்றாக நிறைவேற்றியதாகவும் சக தளபதியிடம் அவர் கூறுகிறார். 1947இல் விடுதலை பெற்ற அந்த மனிதர்மீது இதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை.

சற்றே நின்று நினைத்துப் பாருங்கள். பாரிசை அழிக்கச் சொன்ன ஆணை: அதை எடைபோட்டார், மறுத்தார், அப்படித்தான் அவரே எழுதுகிறார். மனிதரை அழிக்கச் சொன்ன ஆணை: நிறைவேற்றினார், அப்படித்தான் அவரே பேசுகிறார். முதலாவதற்குப் புகழ் கேட்கிறார், இரண்டாவதற்கு ஆணையைக் காட்டுகிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? மறுக்க முடியாத நிலையிலிருந்த அம்பு என்றால், பாரிசைக் காத்த புகழ் அம்புக்கு இல்லை. மறுக்க முடிந்த மனிதன் என்றால், மாண்டவர்களின் பழியிலிருந்து தப்ப வழி இல்லை. மாளிகைகளைக் காக்க மறுக்கத் தெரிந்தவருக்கு, மக்களைக் காக்க மறுக்கத் தெரியாமலா போயிற்று?

இதுதான் தோழர்களே, கட்டளைக்குப் பின்னே ஒளிபவர் அனைவருடைய கதையும். நல்லது நடந்தால் "நான்" என்பர்; தீயது நடந்தால் "மேலிடம்" என்பர். 1934 ஆகஸ்டு 2ஆம் நாள் முதல் ஜெர்மன் படையினர் ஒவ்வொருவரும், நாட்டின் பெயரால் அல்ல, இட்லர் என்ற தனிமனிதனின் பெயரால் நிபந்தனையற்ற கீழ்ப்படிதலுக்கு உறுதிமொழி எடுத்தனர். நிபந்தனையற்ற கீழ்ப்படிதல்! தன் அறிவை எழுதிக் கொடுத்துவிடுவதற்கு வேறு பெயர் வேண்டுமா? எனினும் அறிவைக் கழற்றிக் கொடுத்தாலும் பொறுப்பைக் கழற்றிக் கொடுக்க முடியாது என்று, நூரம்பர்க் நீதிமன்றம் 1946இல் தீர்ப்புரைத்தது. மேலதிகாரியின் ஆணை என்பது குற்றத்தைத் துடைக்காது, தண்டனையைக் குறைப்பதற்கு வேண்டுமானால் கருதப்படலாம் என்பது அந்த நீதிமன்றத்தின் விதி. கைட்டல், யோடல் என்ற பெருந்தளபதிகள் இருவர் அந்த ஆண்டு அக்டோபரில் தூக்கிலேறினர்.

ஜெர்மனியைப் பற்றிப் பேசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது எளிது. நம் நாட்டிலே? 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். ஆணையிட்டவன் டயர் என்ற வெள்ளைக்காரன். விசையை அழுத்திய விரல்கள்? இந்தியப் படையிலே கூலிக்குச் சேர்ந்த கறுப்பு விரல்கள்! 1,650 தோட்டாக்கள் பாய்ந்தன. அரசுக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். டயரின் பெயர் நமக்குத் தெரியும். சுட்ட ஐம்பது துப்பாக்கிக்காரரில் ஒருவர் பெயராவது தெரியுமா? அவர்களை நாம் அம்புகள் என்று எண்ணி மறந்துவிட்டோம்.

பதினோரு ஆண்டுகள் சென்றன. 1930 ஏப்ரல் 23, பெஷாவர். ஆயுதமற்ற பட்டாணியர் கூட்டத்தின்மீது சுடுமாறு கார்வால் படைப்பிரிவுக்கு ஆணை பிறந்தது. எதிரே நின்றவர் முஸ்லிம்கள். சுடச் சொல்லப்பட்டவர் இந்துக்கள். மதவெறியைத் தூண்டிவிட்டால் கை தானே எழும் என்று கணக்கிட்டான் வெள்ளையன். சந்திரசிங் என்ற சிப்பாய்த் தலைவர், சுடாதீர்கள் என்றார். அவருடைய ஆட்கள் சுடவில்லை. வேறு படை வந்து சுட்டது, பலர் மாண்டனர் என்பது வேறு. சந்திரசிங்குக்கு வாழ்நாள் தண்டனை கிடைத்தது. 1941இல்தான் வெளியே வந்தார். அவரும் சிப்பாய்தான், அவருக்கும் சம்பளம் உண்டு, குடும்பம் உண்டு, உறுதிமொழி உண்டு, அச்சம் உண்டு. அமிர்தசரசில் சுட்டவருக்கும் பெஷாவரில் சுட மறுத்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒன்றே: முன்னவர் காதால் கேட்டனர், பின்னவர் கேட்டதை அறிவால் ஆராய்ந்தனர்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: "அப்படியானால் ஆளாளுக்கு ஆராய ஆரம்பித்தால் படை நிற்குமா? ஆலை ஓடுமா? ஒழுங்கு இருக்குமா?"

நியாயமான கேள்வி. விடையை நம் துறைமுகத்திலேயே காணலாம். கிரேன் சுமையைத் தூக்கும்போது கீழே ஒருவர் கையசைத்துச் சைகை காட்டுகிறார். "நிறுத்து" என்று அவர் காட்டினால், கிரேன் ஓட்டுநர் ஏன், எதற்கு என்று வாதிடாமல் அந்தக் கணமே நிறுத்துகிறார். வாதிட்டால் ஓர் உயிர் போகும். இதுவும் கீழ்ப்படிதல்தான். ஆனால் இதன் காரணம் ஓட்டுநருக்குத் தெரியும். சைகை காட்டுபவருக்குத் தெரியும். சுமைக்குக் கீழே நிற்கும் தொழிலாளிக்கும் தெரியும். மாலையிலே வேலை முடிந்ததும், "அந்தச் சைகை ஏன் காட்டினாய்?" என்று கேட்டால் பதில் வரும், கேட்டவன் தண்டிக்கப்படமாட்டான். உயிரைக் காக்கப் பிறந்த விதி அது. அதே சைகையாளர், கீழே ஆள் நிற்பது தெரிந்தும் "இறக்கு" என்று காட்டினால்? ஓட்டுநர் இறக்குவாரா? இறக்கிவிட்டு, "சைகை வந்தது, இறக்கினேன்" என்றால் அவரை விடுவோமா?

அளவுகோல் இதுதான். காரணம் கேட்டால் சொல்லக்கூடிய ஆணை, உயிர் காக்கும் ஆணை, ஒழுங்கு. காரணம் கேட்பதையே குற்றமாக்கும் ஆணை, தீங்கு செய்யாதவனுக்குத் தீங்கு செய்யச் சொல்லும் ஆணை, அடிமைத்தனம். முன்னதற்குப் பணிவது அறிவு. பின்னதற்குப் பணிவது கோழைத்தனம். நம் நாட்டுக் குற்றவியல் சட்டமும், சட்டத்துக்கு உட்பட்ட ஆணையை நிறைவேற்றியவனுக்குத்தான் காப்பளிக்கிறது. எந்த ஆணையானாலும் காப்பு என்று எழுதி வைக்கவில்லை.

ஆனால் இந்த நாட்டிலே சட்டத்துக்கும் மூத்த ஆணை ஒன்று உலவுகிறது. கையெழுத்தில்லை, முத்திரையில்லை, தளபதியின் பெயரில்லை. பலனைப் பற்றி எண்ணாதே, பிறந்த குலத்துக்குரிய கடமையைச் செய், எதிரே நிற்பவன் உறவினனாயினும் அம்பை விடு என்று கடவுளின் வாயிலே வைத்துக் கற்பித்தனர். இட்லருக்குக் கொடுத்த உறுதிமொழிக்கும் இதற்கும் எள்ளளவேனும் வேறுபாடு உண்டா? அங்கே ஆணை, தலைவன் பெயரால். இங்கே ஆணை, தருமத்தின் பெயரால். இரண்டும் கேட்பது ஒன்றையே: உன் அறிவை எடுத்து என் காலடியிலே வை!

அந்த ஆணைதான், கோயிலைச் சுற்றிய தெருவிலே மனிதன் நடக்கக் கூடாது என்றது. 1924இல் வைக்கத்திலே பெரியார் அதனை மீறினார். இருமுறை சிறை புகுந்தார். அந்த ஆணைதான், பெற்ற மகள் வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காகத் தந்தையையும் அண்ணனையும் அரிவாள் எடுக்கச் சொல்கிறது. பிடிபட்டதும் அவன் என்ன சொல்கிறான்? "ஊர் என்ன சொல்லும்? சாதிசனம் என்ன சொல்லும்?" அதாவது, எய்தவன் ஊர், நான் வெறும் அம்பு! டிரெண்ட் பார்க் மாளிகையிலே தளபதி பேசிய அதே பேச்சு, நம் தெருவிலே தமிழிலே ஒலிக்கிறது. அங்கே ஒட்டுக்கேட்க ஒலிவாங்கி வைத்தனர். இங்கே நம் காதே போதும். கேட்டும் கேளாதவர்போல் கடந்துவிடுகிறோம்.

ஆசிரியனாகிய நானும் இதிலே பங்காளி. "சொன்னதைச் செய்; எதிர்த்துப் பேசாதே" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன்! வரிசையிலே நிற்கக் கற்றுக்கொடுத்தேன், நல்லது. வரிசை எங்கே போகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தேனா? நான்கு சுவருக்குள்ளே என் பேச்சுக்குக் காரணம் கேட்க அஞ்சும் பிள்ளை, நாளை அதிகாரியின் பேச்சுக்கா காரணம் கேட்பான்?

ஆகவே, அந்த மாணவனுக்கு நான் சொல்லப்போவது இது:

தம்பி, அன்றிரவு துறைமுகத்திலே மாண்டவர்களுக்குப் பேரரசனும் பொறுப்பு, கப்பல் தலைவனும் பொறுப்பு, பீரங்கியைத் திருப்பியவனும் பொறுப்பு. ஒரே அளவு என்று சொல்லவில்லை. எய்தவனின் பங்கு பெரிது. ஆனால் பொறுப்பு என்பது பங்கு போட்டால் குறைந்து மறையும் பண்டமன்று. எய்தவனை நோவோம், முதலில் நோவோம், உரக்க நோவோம். அதற்காக அம்பை விட்டுவிட வேண்டியதில்லை. ஏனெனில் அம்புக்கு மூளையில்லை, மனிதனுக்கு உண்டு. மூக்கே அதைப் பிந்திப் பயன்படுத்தினார். சந்திரசிங் தக்க நேரத்திலே பயன்படுத்தினார். கோல்டிட்ஸ் தனக்கு வேண்டிய இடத்திலே மட்டும் பயன்படுத்தினார்.

உன் அண்ணன் ஓடட்டும், தேர்வில் வெல்லட்டும், காக்கிச்சட்டை அணியட்டும். திருடனைப் பிடிக்கவும், வெள்ளத்திலே சிக்கியவரை மீட்கவும், விபத்திலே வீழ்ந்தவனைத் தூக்கவும் அந்தச் சட்டை வேண்டும். ஆனால் அவனிடம் ஒன்று சொல். சட்டையை மாட்டும்போது தொப்பியையும் மாட்டத்தான் வேண்டும். தொப்பிக்குள்ளே இருக்கவேண்டியது தலை. அதை எந்த உறுதிமொழிக்கும் ஈடாக வைக்க வேண்டாம்.

பழமொழியை நான் இனியும் கரும்பலகையில் எழுதுவேன். எழுதி, அதன் கீழே ஒரு கேள்வியையும் எழுதுவேன்: நீ அம்பா, மனிதனா?